மேலிருந்து கீழே ஒரு கோடு

உலகம்மை போட்ட கோட்டை உலகம்மையாலேயே திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. அந்தப் புதன்கிழமை காலை பதினோரு மணி வரைக்கும் அந்தப் பெருமைக்கு ஒரு குறையும் வரவில்லை.

தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவள் கீறல் திட்டமிடுபவள். அந்தப் பெயரெல்லாம் நோயாளிகள் வாயில் நுழையவில்லை. கோட்டக்கா என்றே கூப்பிட்டார்கள். ஆபரேஷன் மேஜைக்கு மேலே விளக்கோடு விளக்காகத் தொங்கும் வரைவி என்கிற இயந்திரம், படுத்திருப்பவரின் தோல் எந்தப் பக்கம் இழுக்கிறது, நரம்பு எங்கே ஓடுகிறது, ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று அளந்து, கத்தி போகவேண்டிய வழியைப் பச்சை வெளிச்சத்தில் உடம்பின்மேலேயே போட்டுக் காட்டும். அதைச் சரிபார்த்து, வேண்டிய இடத்தில் ஒரு நூல் இப்படியும் அப்படியும் நகர்த்தி, கட்டைவிரல் வைத்து ஒப்புக்கொடுப்பது அவள் வேலை. அந்த வழியே கத்தி போனால் தையல் பிரியாது, சீழ் வைக்காது. ஆறே மாதத்தில் வெட்டிய இடமும் தெரியாது.

வரைவிக்கு எல்லாம் தெரியும், பாவாடை நாடா மட்டும் தெரியாது. எங்கோ குளிர்தேசத்தில் செய்த சாமான், அதற்கு நாடாவை எங்கே தெரியப் போகிறது! வருஷக்கணக்காக இறுக்கிக் கட்டி, இடுப்பைச் சுற்றிக் கறுத்துத் தடித்துப்போன அந்தத் தடத்தை ஏதோ தோல்நோய் என்று நினைத்து அது ஒதுங்கி ஒதுங்கியே கோடு போட்டுக்கொண்டிருந்தது. உலகம்மைதான், "ஒளிச்சு வைக்க அதவிட நல்ல இடம் எங்க இருக்கு?" என்று மேலிடத்தோடு மல்லுக்கட்டி அதற்குக் கற்றுக்கொடுத்தாள். ஓரிடத்தில் கற்றது எல்லா இடத்துக்கும் போய்விடும், அதுதான் அந்த இயந்திரத்தின் சாமர்த்தியம். இப்போது நானூறு மருத்துவமனைகளில் வரைவி நாடாத் தடத்துக்குள்ளேயே கோடு போடுகிறது.

தழும்பு போனதும் ஊர் சும்மா இருந்ததா? ஜாதகத்தோடு குடும்ப மருத்துவ அட்டையும் கைமாற ஆரம்பித்தது. பெண்ணுக்கு இதுவரை என்னென்ன ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று சம்பந்தம் பேசுகிற இடத்திலேயே கேட்டார்கள். பாவம், எத்தனையோ பெண்களுக்கு அதனாலேயே தட்டிப்போனது. அரசாங்கம் யோசித்து, நல்ல எண்ணத்தில்தான், ஒரு சட்டம் கொண்டுவந்தது. நோயாளி விரும்பினால் தன் பழைய ஆபரேஷன் குறிப்புகளை முத்திரை வைத்து மூடிக்கொள்ளலாம். நினைவோடு அவரே வைக்கிற கட்டைவிரல் இல்லாமல் டாக்டரும் திறக்க முடியாது, வரைவியும் படிக்க முடியாது. திறந்தால் அட்டையில் இருக்கிற மொத்தக் குடும்பத்துக்கும் கைபேசியில் தகவல் போய்விடும். ஆக, திறப்பதற்கு யாருக்குத் துணிச்சல் வரும்? மூடியது மூடியதுதான்.

அந்தப் புதன்கிழமை சங்கரன்கோவிலிலிருந்து ஒரு நிறைமாதக் கர்ப்பிணியைக் கொண்டுவந்தார்கள். பெயர் செண்பகவல்லி, வயது இருபத்தெட்டு. கருப்பைக்குள் நஞ்சுக்கொடி பிரிந்து ரத்தம் கொட்டியிருந்தது. ஆளுக்கு நினைவில்லை.

"பிள்ளைக்குத் துடிப்பு இறங்குது அக்கா. பத்து நிமிஷம்தான். சீக்கிரம் கோட்டப் போடுங்க," என்றார் டாக்டர் ரெஹானா, கையைக் கழுவிக்கொண்டே. உலகம்மையைவிட ஏழெட்டு வயது சின்னவர். கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். ஒரு வார்த்தை வீணாகப் பேசமாட்டார்.

வரைவி கண்ணை விழித்தது. முந்தைய ஆபரேஷன்: இல்லை. தழும்பு: இல்லை. அடிவயிற்றுச் சுருக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பச்சைக் கோடு விழுந்தது. அழகான கோடு. ஒரு நூல்கூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை. வாசலில் நிற்கிறவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டுக் கையெழுத்து வாங்க உலகம்மை வெளியே போனாள்.

புருஷன்காரன் சங்கரலிங்கம் சட்டை முழுக்க ரத்தத்தோடு நின்றான். காரிலிருந்து அவன்தான் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறான். பக்கத்தில் அவன் அம்மா.

"இதுக்கு முன்னால வயித்துல ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கா?"

"ஒண்ணும் கெடையாது மேடம். ஒரு ஊசி போட்டதுகூட இல்ல. எப்பிடியாவது காப்பாத்திருங்க."

"எங்க மருமவளுக்குத் தலவலி, காய்ச்சல்னு ஒண்ணு வந்ததில்ல. நல்லா வெசாரிச்சுத்தானம்மா எடுத்தோம்," என்றாள் அம்மாக்காரி.

அப்போதுதான் தூணுக்குப் பின்னால் இன்னொருத்தி நிற்பதை உலகம்மை பார்த்தாள். ஆபரேஷன் அறையிலிருந்து யாராவது வந்தால் நோயாளியின் தாய் ஓடிவந்து கையைப் பிடிப்பாள், காலைப் பிடிப்பாள். இவளோ முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். உலகம்மை அந்த முந்தானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

பகவதி! ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே வராந்தாவில், "எம் மவளுக்கு ஒரு வாழ்க்க அமையணும் தாயி. யாருகிட்டயும் மூச்சு விட்டுராதிய," என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனவள். மகளுக்குக் குடலில் காசநோய். ஒரு முழம் குடலை வெட்டி எடுத்தார்கள். நாடாத் தடத்துக்குள் உலகம்மை போட்ட கோடுகளிலேயே மிகச் சிறந்தது அதுதான் என்று அவளே சொல்லிக்கொண்டிருந்த கோடு. அன்றைக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் கையுறையைக் கழற்றும்போது சொன்னது அட்சரம் பிசகாமல் இப்போது அவள் காதில் கேட்டது. 'கீழ்ப்பக்கம் குடல் வயித்துச் சுவரோட ஒட்டிப்போச்சு. பிரிச்சா கிழியும்னு விட்டுட்டேன். இனிமே யாரு திறந்தாலும் மேல இருந்துதான் திறக்கணும். எழுதி வச்சிரு.'

எழுதித்தான் வைத்தாள். அதற்குத்தான் முத்திரை வைத்தார்கள்.

இரண்டே எட்டில் தூணுக்குப் பக்கத்தில் போய், "அம்மா, உங்க மகளுக்கு இங்க வச்சு..." என்று ஆரம்பித்தாள்.

"நீங்க வேற யாரையோ நெனைக்கிய," என்றாள் பகவதி படபடவென்று. கண் மாப்பிள்ளை பக்கம் ஓடியது. "எம் பிள்ளைக்கு ஒண்ணும் செஞ்சது இல்ல. நான் ஒங்களப் பாத்ததே இல்ல தாயி."

சொல்லும்போதே அவள் கை உலகம்மையின் கையைத் தேடிப் பிடித்து நெரித்தது. பார்த்ததே இல்லாத ஆளின் கையை யாராவது அப்படிப் பிடிப்பார்களா?

உள்ளே ஓடினாள். "டாக்டர், கீழ வெட்டாதிய. குடல் ஒட்டிக் கெடக்கு."

"வரைவி சுத்தமா காட்டுது அக்கா."

"மூடி வச்ச குறிப்பு. நான் போட்ட கோடுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால."

ரெஹானா முகக்கவசத்துக்கு மேலே அவளை உற்றுப் பார்த்தார். "இவங்கதானா? முகம் தெரியுதா?"

"முகம் தெரியல. அம்மாவத் தெரியுது. அவ இல்லங்கா."

"எங்க போட்டிய? காட்டுங்க."

உலகம்மை குனிந்தாள். நிறைமாத வயிறு. தோல் விரிந்து, நாடாத் தடம் அகன்று, அங்கங்கே வெளிறிப் போயிருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தாள். விரலால் தடவினாள். விளக்கைச் சரித்துப் பார்த்தாள். ஒரு சுருக்கம், ஒரு தடிப்பு, ஒரு தையல் புள்ளி? ஒன்றுமில்லை. சண்டாளி, அப்படி என்ன கெட்டிக்காரத்தனம் உனக்கு என்று தன்னைத்தானே வாய்விட்டுத் திட்டினாள். தன் கைவேலையைத் தானே தேடித் தோற்றுப்போன அந்த அரை நிமிஷத்தில் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"அக்கா. ஏழு நிமிஷம்."

"நான் சொல்லுதது தப்பா இருந்தா, இவ வயித்துல காலத்துக்கும் ஒரு தழும்பு கெடக்கும். சரியா இருந்து நீங்க கீழ வெட்டுனா குடல் கிழியும். அப்புறம் ரெண்டு உசுரும் நம்ம கையில இல்ல."

ரெஹானா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "போடுங்க."

உலகம்மை கோட்டை மேலே நகர்த்தப் பார்த்தாள். காரணம் கேட்டு வரைவி இரண்டு முறை மறுத்தது. அதை அணைத்துவிட்டு, ஊதா மை பேனாவை எடுத்து, நெஞ்சுக்குழிக்குச் சற்றுக் கீழே தொடங்கித் தொப்புளைச் சுற்றி வளைத்துக் கீழே இரண்டு விரற்கடை வரைக்கும் கையாலேயே ஒரு கோடு இழுத்தாள். தோலின் இழுவைக்கு நேர் எதிராக ஓடும் கோடு. தடித்து, கறுத்து, கயிறு திரித்தாற்போல ஆயுசுக்கும் நிற்கும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஜில்லாவில் யாருமில்லை.

திறந்ததும் ரெஹானா கத்தியை நிறுத்தினார். கையுறை விரலால் கீழ்ப்பக்கத்தைச் சுட்டிக் காட்டினார். குடல் வயிற்றுச் சுவரோடு பரப்பி ஒட்டிக் கிடந்தது. பச்சைக் கோடு விழுந்திருந்த இடத்துக்கு நேர் உள்ளே. மேல்பக்கமாகவே கருப்பையைத் திறந்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. முதலில் சத்தமில்லை. முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, மூக்கை உறிஞ்சியெடுத்தபின் வீலென்று கத்தியது. அடப்பாவமே, அந்தக் கத்தல் எவ்வளவு நன்றாக இருந்தது! உலகம்மை முகக்கவசத்துக்குள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும் தாங்கியது. மருமகளைப் பார்க்க உள்ளே போன அம்மாக்காரி கட்டின் நீளத்தைப் பார்த்துவிட்டாள்.

"இது என்ன? நெஞ்சுல இருந்து வெட்டியிருக்கிய! எம் மவளுக்கும் இங்கதான் ரெண்டு பேறு பாத்தோம். ஒரு கோடு தெரியுமா அவ வயித்துல? இவளுக்கு மட்டும் ஏன் இப்பிடி? இவளுக்குள்ள என்ன இருந்துச்சு?"

இவளுக்குள்ள என்ன இருந்துச்சு. அந்த ஒரு கேள்வியில் பகவதியின் முகம் செத்துப்போயிற்று. சங்கரலிங்கம் அம்மாவையும் உலகம்மையையும் மாறி மாறிப் பார்த்தான். மயக்கம் தெளிந்து படுத்திருந்த செண்பகவல்லி கண்ணைத் திறக்கவே இல்லை. ஆனால் இமைக்குள் விழி உருளுவது தெரிந்தது.

"அவங்களுக்குள்ள ஒண்ணுமில்ல," என்றாள் உலகம்மை. "தப்பு என் மேலதான். அவசரத்துல மிஷின அணைச்சுட்டுக் கையால போட்டேன். கோடு பெசகிப்போச்சு."

இருபது வருஷத் தொழிலில் இப்படி ஒரு வார்த்தையை அவள் வாய் சொன்னதில்லை. சொன்னதும் உடம்பு லேசானதுபோல இருந்தது. சத்தியமும் நின்றது, உயிரும் நின்றது, போனால் தன் பெயர்தானே போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் சங்கரலிங்கம் எழுதிக் கொடுத்த புகார் வந்தது. கூடவே வரைவியின் விசாரணைப் படிவம். ரெஹானா அதைத் திரையில் திறந்து அவள் பக்கம் திருப்பினார். ஒரே கேள்வி. 'மேலிருந்து கீழாக வரைந்த கோடு திட்டமிடுபவரின் பிழையா? ஆம். இல்லை.'

"ஆம்னு போட்டுட்டுப் போறேன். ஆறு மாசம் கோடு போட விடமாட்டாவ. அம்புட்டுத்தானே?"

"அம்புட்டுத்தான்னு நெனைக்காதீங்க அக்கா. இத யாரு படிக்கப் போறா? மனுஷனா? உள்ள நான் பாத்தது எல்லாம் பழைய ஆபரேஷனக் காட்டிக்குடுக்கும்னு அந்த மூடுன குறிப்போடயே சேந்து மூடிக்கிடுச்சு. அதுக்குக் கெடைக்கிறது என்ன? சுத்தமான வயிறு. பழைய ஆபரேஷன் இல்ல. ஒருத்தி சந்தேகப்பட்டு மேல இருந்து கோடு போட்டா. பெரிய தழும்பு, புகார். போட்டவளே தப்புனு ஒத்துக்கிட்டா. இதுல இருந்து அது என்ன கத்துக்கும்?"

'ஆம்' பக்கம் போன விரலை உலகம்மை இழுத்துக்கொண்டாள்.

"இனிமே இந்த மாதிரி வயித்துல யாரு கோட்ட மேல நகத்தப் போனாலும் விடாது. நீங்க அணைச்சியளே, அந்த மாதிரி அணைக்கவும் விடாது. நானூறு எடத்துலயும் பூட்டிரும்." ரெஹானா குரலைத் தாழ்த்தினார். "மூடி வச்ச வயிறு எத்தன இருக்கும்?"

"நான் போட்டது மட்டும் முந்நூறுக்கு மேல."

"இல்லைனு போட்டா காரணம் கேக்கும். காரணம் அந்தக் குறிப்புதான். அத அந்தப் பொண்ணு கட்டவிரல் வச்சாத்தான் திறக்கும். கேட்டுப் பாருங்க. நான் கேக்க மாட்டேன். எனக்கு அந்தத் தைரியம் இல்ல."

செண்பகவல்லி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அறையில் வேறு யாருமில்லை. உலகம்மை கட்டிலோரத்தில் உட்கார்ந்து, ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் விரல் வச்சா இவுகளுக்குத் தகவல் போயிருமா?"

"போயிரும். ஒங்க மாமியாருக்கும்."

"வைக்கலைன்னா?"

"ஒன்ன மாதிரி இன்னொருத்தி எங்கயாவது போயிருவா."

"நான் செத்திருந்தா நீங்க உள்ளதச் சொல்லியிருப்பியளா அக்கா?"

"சொல்லியிருப்பேன்."

"அப்போ நான் உசுரோட இருக்கதுதான் இப்போ எல்லாத்துக்கும் எடஞ்சல்."

உலகம்மை பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். செண்பகவல்லி அந்தக் கையை மெதுவாக எடுத்துக் கீழே வைத்தாள்.

"நீங்க என்னையக் கெட்டவள்னு நெனைச்சாலும் சரி. ஏழு வருஷமா ராத்திரி கண்ண மூடுனா, யாரோ ஒருத்தர் வந்து சொல்லப்போறாகன்னுதான் எனக்குத் தோணும். எங்க வீட்டுக்காரர் நல்லவருதான். ஆனா நல்லவரும் ஏமாத்திட்டியேன்னு ஒரு தடவ கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்? காசநோய் தப்பில்ல. மறைச்சது தப்புதானே. இந்தப் பிள்ளையத் தூக்கிட்டு நான் எங்க போவேன்?" குழந்தையை மாற்றிப் போட்டுக்கொண்டாள். "என்னால முடியாது அக்கா. அந்த இன்னொருத்திகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்."

உலகம்மைக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இவள்மேலா? ஏழு வருஷத்துக்கு முன் அழுது நின்ற தாய்மேலா? அந்தக் கோட்டைப் போட்டு முடித்துவிட்டு அன்றைக்கு மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டாளே, அந்த உலகம்மைமேலா?

வெளியே வந்தபோது சங்கரலிங்கம் நின்றான். கையில் குழந்தைக்கு வாங்கிய கொசுவலை. அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒங்க மேல கோவத்துல எழுதல மேடம். அவ வயித்தப் பாத்ததும் தாங்கல. எதுக்காக இவ்வளவு பெருசா வெட்டுனாவன்னு யாராவது ஒருத்தர் பதில் சொல்லணும்லா? ஒரு காரணம் இருந்திருந்தா நான் ஏத்துக்கிட்டிருப்பேன். எதுவா இருந்தாலும்."

எதுவா இருந்தாலும் என்கிறானே! அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மையாகத்தான் சொல்கிறானா? இன்றைக்குச் சொல்கிற இதே வாய் நாளைக்கும் இதையே சொல்லுமா? அவனுக்கே தெரியுமோ என்னமோ. அவள் தொழிலில் தோலைத் தொட்டால் எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரியும். மனுஷ மனசு எந்தப் பக்கம் இழுக்கும் என்று பார்க்க அவளிடம் ஒரு விளக்கும் கிடையாது. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கதவுக்கு உள்ளே குழந்தை சிணுங்கியது. அவன் அவசரமாக அதை நோக்கிப் போய்விட்டான்.

உலகம்மை திரும்பிப் போய்த் திரைக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தான் கோடு போட்ட பெண்களில் எத்தனை பேருடைய முகம் ஞாபகம் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தாள். பன்னிரண்டோ பதின்மூன்றோ வந்தது. பெயர் ஒன்றுகூட வரவில்லை. கண் முன்னால் இருந்த ஒருத்திக்கும், முகம் தெரியாத அத்தனை பேருக்கும் நடுவே அவள் ஒரு விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் 'ஆம்' என்பதைத் தொட்டாள்.

'நன்றி. இத்தகைய கோடு இனி எங்கும் அனுமதிக்கப்படாது' என்று திரையில் வந்தது.

படி இறங்கும்போது பகவதி காத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை முகத்தை மூடவில்லை. ஓடிவந்து உலகம்மையின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஒரு குடும்பத்த வாழ வச்சுட்டிய தாயி. இந்தக் காலத்துல சொன்ன சொல்லக் காப்பாத்த யாரு இருக்கா? நீங்க நல்லா இருக்கணும்." சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு காதருகே வந்தாள். "எந் தங்கச்சி மவளுக்கும் வயித்துல ஒரு கட்டி. தையில கல்யாணத்துக்குப் பேசியிருக்கு. அடுத்த வாரம் கூட்டியாரேன். அதையும் இதே மாதிரி ஒருத்தருக்கும் தெரியாம முடிச்சுக் குடுத்துருங்க."

"நான் இனிமே கோடு போட மாட்டேம்மா. ஆறு மாசத்துக்கு விடமாட்டாவ."

"அய்யோ, எங்களாலதான் ஒங்களுக்கு இந்தக் கஷ்டம்!" பகவதி நிஜமாகவே கலங்கிப்போனாள். பிறகு, ஆறுதலாக அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "நீங்க மனசு வருத்தப்படாதிய. நீங்க இல்லாட்டி என்ன, அதான் மிஷின் இருக்குல்லா. அது தப்புப் பண்ணாதாமே."

உலகம்மைக்கு அப்போதுதான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வேலை போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டு, பகவதி தன் முந்தானையாலேயே அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.